மீட்டிங்ல வாய் திறந்தாலே குரல் நடுங்குது, ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டில இருக்கேன், 8 வருஷ சர்வீஸ். ஷாப் ஃப்ளோர்ல மெஷின் சத்தத்தையும் மீறி கத்துவேன், ஆனா மாசாமாசம் ரிவ்யூ மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி ஸ்லைடு போட்டு பேசணும்னா தொண்டை அடைச்சுக்குது, மூச்சு நெஞ்சுலயே நின்னுடுது, கடைசி வார்த்தை எனக்கே கேக்க மாட்டேங்குது, போன வாட்டி மேனேஜர் "கொஞ்சம் சத்தமா பா"ன்னு மூணு தடவ சொல்லிட்டார்.

வயித்துல கை வெச்சு மூச்சு இழுத்து விடுறது, உதட்ட மூடிட்டு 'ம்ம்ம்'னு முனகுறது எல்லாம் தினமும் காலைல பண்றேன் (வீட்டுக்காரம்மா வயிறு வலிக்குதான்னு கேக்குறாங்க). தனியா பேசினா குரல் நல்லாத்தான் இருக்கு. போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா ரெண்டு நிமிஷத்துல 14 'ஆக்சுவலி', அசிங்கமா போச்சு.

டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல (நாலு பேர் முன்னாடி பேசி பழகுற கிளப்) சேரலாமான்னு யோசனை. மொத பேச்சு 4லேர்ந்து 6 நிமிஷமாம், நாம 'ஆ' 'ம்' போடுறத எண்ணுறதுக்குன்னே ஒரு ஆள் உக்காந்திருப்பாராம், நெனச்சாலே வேர்க்குது. யாராவது போயிருக்கீங்களா? தமிழ்ல பேசுற கிளப் கோவைல இருக்கா, இல்ல இங்கிலீஷ்லயே ஆரம்பிக்கிறது நல்லதா?

அடுத்த ரிவ்யூ 28ஆம் தேதி. அதுக்குள்ள அந்த மொத ரெண்டு நிமிஷத்த தாண்டுறதுக்கு ஏதாவது ட்ரிக் இருந்தா மொதல்ல அத சொல்லிடுங்க ப்ளீஸ்.