கீழ்ப்பாக்கம் போக ஒன்பது நாள்

வில்லிவாக்கத்திலிருந்து ஓர் அக்கா:

தம்பிக்கு 24 வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. போன வருடம் சித்திரையில் தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டிருப்பான். "பையன் சுறுசுறுப்பாயிட்டான்" என்று அப்பா பெருமைப்பட்டார். பிறகு பேச்சு நிற்கவில்லை. ஒரே நாளில் மூன்று மிக்ஸி வாங்கி வந்தான், கேட்டரிங் தொடங்கப் போகிறானாம். தூக்கம் குறைந்ததுதான் முதல் அறிகுறி என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

ஒன்பது நாள் அவனை எங்கும் கூட்டிப் போகவில்லை. வெட்கம்தான் காரணம். சென்னையில் படித்தவர்களுக்குத் தெரியும், வகுப்பில் ஒருவனை அழவைக்க "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றால் போதும். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அம்மா தாயத்து மந்திரித்துக் கட்டினார். பெரியப்பா, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி, பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை ஒட்டுக் கேட்கிறார் என்று கத்த ஆரம்பித்தான். அப்பா கை ஓங்க, அவன் பீரோ கண்ணாடியை உடைத்துவிட்டான். கூடம் முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு புத்தி. நான் 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தர் மட்டும் பேசுங்க. மத்தவங்களை வெளியே அனுப்புங்க. டிவியை நிறுத்துங்க, கத்தி கித்தி இருந்தா எடுத்துடுங்க. வாசலை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. அவர் நம்புறது பொய்னு வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். "டேய், அவர் ஒட்டுக் கேக்குறாரான்னு எனக்குத் தெரியாது. நீ பயந்து போயிருக்கே, அது தெரியுது. எத்தனை நாளாடா தூங்கல?" என்னையே பார்த்தான். "முடியலக்கா."

மோர் கொடுத்தேன், குடித்தான். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி ஏற்றிவிடலாம் என்றார் மாமா. நான் ஒப்பவில்லை. "தூங்க மருந்து வாங்க கீழ்ப்பாக்கம் போறோம், நான் கூடவே இருப்பேன்" என்றேன். ஆட்டோவில் என் கையை விடவே இல்லை. அவனே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களுக்கும் 2017 மனநலச் சட்டத்தில் வழி உண்டு: குடும்பத்தில் ஒருவர் பிரதிநிதியாக விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம்.

இருபது நாளில் வீட்டுக்கு வந்தான். இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான்.

குரோம்பேட்டையிலிருந்து:

லித்தியம் என்றதும் எழுதத் தோன்றியது. என் வீட்டுக்காரருக்கும் அதுதான், பதினொரு வருடமாக. கத்திரி வெயிலில் கவனமாக இருங்கள் அம்மா. ஒரு கோடையில் இவருக்குப் பேதியானது. கை நடுங்கியது, நடை தள்ளாடியது. குடித்துவிட்டு வந்திருக்கிறாரென்று சண்டை போட்டேன். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருந்தது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அப்படி ஆகுமாம். வாந்தி, பேதி என்றால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள், சில மாத்திரைகள் அளவை ஏற்றிவிடும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. அவர் நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி வந்தால் என்ன செய்யட்டும் என்று அவரிடமே கேட்டேன். நோட்டில் எழுதிக் கொடுத்தார். யாருக்குப் போன் பண்ண வேண்டும், எந்த டாக்டர், ஏடிஎம் கார்டை யாரிடம் கொடுப்பது, எல்லாம். கடைசி வரி: "அண்ணனைக் கூப்பிடாதே. நீ சத்தம் போடாம பக்கத்துல உட்காரு." அந்த நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.