வயிற்றில் முடி உருண்டை: அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: மலைக்கோட்டைவாசி

வணக்கம். என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. சில மாதங்களாகவே இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். பிறகு வாந்தியும் சேர்ந்துகொள்ளவே ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இரைப்பை முழுவதும் முடி திரண்டு கிடப்பதாகவும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். பின்னல் நுனியை அவள் கடிப்பதைப் பார்த்திருக்கிறோம்; விழுங்குவாள் என்று யாரும் நினைக்கவில்லை. காதுக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சொட்டை விழுந்திருப்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது. விளக்கெண்ணெய் கொடுத்தால் கழிந்துவிடும் என்கிறார் பாட்டி. கோலா குடித்தால் கரையும் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறார் அத்தான். கத்தி வைக்காமல் தீர்க்க வழி உண்டா? எடுத்த பிறகு மறுபடியும் வருமா?

பதில்: வயிற்று அறுவை மருத்துவர்

முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. முடி வழுக்குவதால் இரைப்பையின் அசைவு அதைக் கீழே தள்ள முடிவதில்லை. மடிப்புகளில் சிக்கிய முடியோடு சளியும் உணவும் சேர்ந்து இறுகி, நாளடைவில் இரைப்பையின் வடிவத்தையே அது எடுத்துக்கொள்கிறது. உள்ளே சிக்கிய உணவு கெடுவதால் சில குழந்தைகளுக்கு வாய் நாற்றமும் இருக்கும்.

கோலா கரைப்பது பழம், காய்கறி நாரால் உண்டாகும் கட்டிகளை. முடிக்கு அது பலிக்காது. அடைத்துக் கிடக்கும் வயிற்றுக்கு விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுப்பது ஆபத்து, தயவுசெய்து கொடுக்காதீர்கள். பெரிய உருண்டையை எண்டோஸ்கோப்பியால் எடுப்பதும் அரிதாகவே கைகூடும். உடைக்கும்போது நழுவும் துண்டுகள் குடலுக்குள் போய் அடைத்துக்கொள்ளலாம்.

2007இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான 18 வயதுப் பெண்ணின் உருண்டை 4.5 கிலோ இருந்தது. நம் கோவையிலேயே 2020 ஜனவரியில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியையும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் எடுத்தார்கள். சிலருக்கு உருண்டை வால் போல நீண்டு சிறுகுடல் வரை இறங்கியிருக்கும். 1968இல் விவரிக்கப்பட்ட இந்த நிலைக்கு, நீண்ட கூந்தல் கொண்ட ஜெர்மானியக் கதை நாயகியின் பெயரால் ராபன்ஸல் நோய்க்குறி என்று பெயர். ஆகவே குடல் முழுவதையும் பார்ப்பீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தள்ளிப்போட்டால் புண்ணோ ஓட்டையோ விழக்கூடும்.

பதில்: மருத்துவ உளவியலாளர்

மறுபடியும் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். வரும், காரணத்தைக் கவனிக்காவிட்டால். முடியைப் பிடுங்கும் இந்தக் கட்டுப்படாத உந்துதலுக்குப் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹலோப்போ 1889இலேயே பெயரிட்டார். பிடுங்குபவர்கள் எல்லோரும் விழுங்குவதில்லை. விழுங்குபவர்களோ வெட்கத்தால் மறைக்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதும்போதும் டிவி பார்க்கும்போதும் கை தானாகத் தலைக்குப் போவது பல குழந்தைகளுக்குத் தெரிவதே இல்லை. திட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள், அவ்வளவுதான்.

பழக்கத்தை மாற்றும் பயிற்சி ஒன்று இருக்கிறது: எந்த நேரத்தில் கை போகிறது என்பதைக் குழந்தையே கவனித்துக் குறித்துக்கொள்ளும், உந்துதல் எழும்போது அது தணியும்வரை விரல்களை இறுக மூடிக்கொள்ளப் பழகும். தையல் ஆறும் காலத்திலேயே தொடங்கிவிடலாம். ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இவர்களிடம் ரத்தசோகை அடிக்கடி காணப்படுகிறது.

மலைக்கோட்டைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டோம். முடி இருந்தால்தானே தின்பாள், சமயபுரத்தில் மொட்டை போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

மருத்துவ உளவியலாளர்

அவளாக விரும்பி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் தடையில்லை. தண்டனையாக மொட்டை போடாதீர்கள். பள்ளியில் படும் கூச்சம் பதற்றத்தைக் கூட்டும். தவிர, பொம்மை முடியையும் கம்பளி நூலையும் தின்ற குழந்தைகள் இருக்கிறார்கள்.