ஒசாகாவில் நண்பர்களோடு சுற்றியபோது நடந்தது, இன்னும் மனதைவிட்டுப் போகாதது: எழுதுங்கள்

பொடிநடை

ஒசாகாவின் கால்வாயோரக் கடைத்தெருவான டோத்தோன்போரியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓடும் மனிதன் பலகை, காலை ஆட்டும் ராட்சத நண்டு, எபிசு பாலத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு படத்துக்கு நிற்கும் கூட்டம், எல்லாம் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அங்கிருந்து சில அடி தள்ளி ஒரு சந்துக்குள் நடந்தது.

கூட வந்தவர்கள் ராமென் கடை வரிசையில் நின்றுவிட்டார்கள். நானும் கல்லூரித் தோழியும் மட்டும் ஹோசென்ஜி கோயிலுக்குப் போனோம். கல் பாவிய குறுகல் சந்து. பெருந்தெருவின் இரைச்சல் அங்கே பாதியாகக் குறைந்துவிடும். உள்ளே ஃபுடோ மியோஓ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை. முகம், கை, உடை எதையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி உடம்பு முழுக்கப் பச்சைப் பாசி. வருகிறவர்கள் அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றி வேண்டிக்கொள்கிறார்கள். அப்படி ஊற்றி ஊற்றியே வளர்ந்த பாசி அது.

பெரிய சிலைக்கு இரண்டு பக்கமும் சிறுவர் உருவம் ஒவ்வொன்று இருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, கையில் காய்கறிப் பை, பெரிய சிலையைத் தொடவே இல்லை. வலது பக்கத்துச் சின்னச் சிலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். நிறுத்தினார், மறுபடி ஊற்றினார். அப்புறம் திரும்பி அகப்பையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் நடுச் சிலைக்கு ஊற்றப் போனேன். என் முழங்கையை மெதுவாகப் பிடித்துச் சின்னச் சிலைப் பக்கம் திருப்பிவிட்டார். ஊற்றினேன். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்கிறாள் தோழி. இறந்துபோன பிள்ளையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காக ஊற்றினேன் என்று தெரியாமலே ஊற்றியிருக்கிறேன். அந்தச் சின்னச் சிலைகளைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

மலைக்கோட்டை

எனக்கும் அதே பாலத்தடியில்தான். ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் எங்கள் ஐவரையும் நிறுத்திப் பேசினார். ஜப்பானிய மொழி எங்களில் ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். 1985-இல் அந்த அணி முதல் தடவை ஜப்பான் தொடரை வென்ற வருஷம், ரசிகர்கள் இந்தக் கால்வாயில் குதித்ததையும் கெண்டக்கி கடை வாசலில் நின்ற தாத்தா பொம்மையைத் தூக்கித் தண்ணீரில் போட்டதையும் நடித்தே காட்டினார். அந்தப் பொம்மை 2009-இல்தான் சேற்றிலிருந்து கிடைத்தது. அடுத்த தொடர் வெற்றி 2023-இல். நடுவில் அணி தோற்றதெல்லாம் பொம்மையின் சாபம் என்று சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவ்வளவு பாசம்.

பேசிக்கொண்டே பக்கத்துக் கடையில் டகோயாகி வாங்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டார். எங்களோடு வந்தவள் ஒருத்தி பிறந்ததிலிருந்து முட்டைகூடச் சாப்பிடாதவள். உருண்டைக்குள்ளே ஆக்டோபஸ், மேலே தூவிய மீன் சீவல் சூட்டில் நெளிந்துகொண்டிருக்கிறது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் குச்சியால் ஒன்றைக் குத்தி எடுத்து, நெற்றிக்கு நேராக உயர்த்தி, அவரை வணங்கிவிட்டு, அதை என் வாயில் ஊட்டிவிட்டாள். பெரியவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு கைதட்டிச் சிரித்தார்.

அவருக்குப் புரிந்துதான் சிரித்தாரா, மனசு நொந்ததை மறைத்தாரா? இதை நினைக்காமல் என்னால் அந்தப் பயணத்தை நினைக்க முடியவில்லை.

சைவப்பயணி

மலைக்கோட்டை, உங்கள் தோழி செய்தது சரிதான். ஆனால் அந்த நிலைமை வராமலே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒசாகா போகும் சைவர்களுக்காக இதைச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் மீனைத் தவிர்ப்பது சுலபம். தெரியாமல் இருப்பது டாஷி. கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ எடுக்கும் சாறு. உதோன் குழம்பு, மிசோ சூப், டகோயாகி மாவு, ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மாவு எல்லாவற்றிலும் அது இருக்கும். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் மேலே இருக்கும் துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார். சாறு அவருக்கு மீன் கணக்கில் வராது. அவர் ஏமாற்றவில்லை, அவர்கள் சமையலில் அது தண்ணீர் மாதிரி. அதனால் "கட்சுவோ டாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடோ காலத்தில் ஹொக்கைதோவிலிருந்து கப்பலில் கொம்பு வந்து குவிந்த ஊர் ஒசாகா. கொம்பு மட்டும் போட்டு எடுத்த சாறில் சமைக்கும் இடங்கள் தேடினால் கிடைக்கும். பௌத்த மடத்துச் சமையலான ஷோஜின் ரியோரி கிடைத்தால் விடாதீர்கள். டோஃபுத் தோலில் சோறு அடைத்த இனாரி சூஷியைப் பார்த்து டோஃபு தானே என்று ஏமாறாதீர்கள், அந்தத் தோலை டாஷியில்தான் வேகவைப்பார்கள். ஒகோனோமியாகி சாஸ் சிலவற்றில் சிப்பிச் சாறும் உண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் சொந்த அனுபவம் சின்னது. குரோமோன் சந்தையில் நண்பர்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு பழக்கடை முன்னால் நின்று ஸ்ட்ராபெர்ரி வாங்கினேன். கடைக்கார அம்மா ஒவ்வொரு பழத்தையும் திருப்பிப் பார்த்து, அடிபட்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறு வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

நம்பாவாசி

வேலைக்காக இங்கே வந்து வருஷங்கள் ஆகின்றன, அதனால் ஒன்றிரண்டு.

பொடிநடை, அந்தச் சின்னச் சிலைகள் ஃபுடோவின் இரண்டு பணியாளர்கள். கொங்காரா, செய்தாகா என்று பெயர். நிறைய ஃபுடோ சிலைகளோடு அவர்களைப் பார்க்கலாம். இறந்த குழந்தைகளுக்காக வேண்டுகிறவர்கள் பெரும்பாலும் ஜிசோ சிலையிடம்தான் போவார்கள், சிவப்புத் துணி கட்டியிருக்குமே, அது. அதனால் உங்கள் தோழி சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பாட்டிகளுக்கு அவரவர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சைவப்பயணி, தகவல் எல்லாம் சரி. "வராமலே பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வழியில் ஒருவர் ஆசையாக வாங்கி நீட்டும்போது அச்சடித்த சீட்டை நீட்ட முடியுமா? அந்தப் பெண் செய்ததைவிட நாகரிகமாக யாரும் மறுக்க முடியாது. ஒசாகாக்காரர்கள் முன்பின் தெரியாதவரிடமும் வேடிக்கையாகப் பேசுகிறவர்கள். மலைக்கோட்டை, அவர் மனம் நொந்திருந்தால் கைதட்டியிருக்க மாட்டார். நிம்மதியாக இருங்கள்.

என் சம்பவம் ஷின்செகாயில். ஊரிலிருந்து வந்த பள்ளித் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ட்சூதென்காக்கு கோபுரத்தடியில் குஷிகாட்சு கடை, குச்சியில் குத்தி மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். நின்றுகொண்டே சாப்பிடும் பழைய கடை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தகரப் பாத்திரத்தில் சாஸ். கடித்த குச்சியை இரண்டாம் தடவை முக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் சாஸை புட்டிக்கு மாற்றிவிட்டன, இது அதற்கு முன்பு. என் நண்பன் ஒரு கடி கடித்துவிட்டுக் குச்சியைப் பாத்திரத்துக்குக் கொண்டுபோனான். பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒருவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தன் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் இலை ஒன்றை எடுத்து, அதால் சாஸை மொண்டு நண்பனின் குச்சிமேல் விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பீருக்குத் திரும்பிவிட்டார். முட்டைக்கோஸ் எதற்கு இலவசமாக வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

சைவப்பயணி

நம்பாவாசி, நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, முதல் வரியிலேயே சரி என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்று, குஷிகாட்சுவில் தாமரைத்தண்டு, பூசணி இருக்கிறதே என்று சைவர்கள் யாரும் நம்பிப் போக வேண்டாம். மாவில் முட்டை. எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு.

கூத்துப்பட்டறை வாசல்

சாப்பாடு, பாலம், சாப்பாடு. இந்த இழையைப் படித்தால் ஒசாகாவில் வேறு எதுவும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். நிப்போன்பாஷியில் புன்ராக்கு என்ற ஜப்பானியப் பொம்மலாட்டத்துக்கான தேசிய அரங்கம் இருக்கிறது, 1984-இல் திறந்தது. டோத்தோன்போரியிலிருந்து நடக்கும் தூரம். டோத்தோன்போரியே ஒரு காலத்தில் நாடகக் கொட்டகைகளின் தெரு. 1684-இல் தாகேமோதோ கிதாயூ தன் பொம்மலாட்ட அரங்கை அங்கேதான் தொடங்கினார். இன்று அந்தத் தெருவில் நண்டைத் தேடுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் டென் டென் டவுனில் கேமரா பார்க்க வேண்டும் என்றார்கள். முழு நாடகமும் வேண்டாம், ஒரு பகுதி மட்டும் பார்க்கலாம் என்று கெஞ்சி இழுத்துப் போனேன். அப்படி ஒரு பகுதிக்கு மட்டும் சீட்டு கொடுக்கிறார்கள், விலையும் குறைவு.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையையும் வலது கையையும் ஆட்டுகிறவர் முகம் தெரிய நிற்பார். இடது கைக்காரரும் கால்காரரும் கறுப்புத் துணியில் முகம் மூடியிருப்பார்கள். காலுக்குப் பத்து வருஷம், இடது கைக்குப் பத்து வருஷம் என்பார்கள், அப்புறம்தான் தலை. பக்கவாட்டு மேடையில் தாயூ ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுக்கிறார், கூடவே ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியம். நம் கும்பகோணத்துப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் கம்பியும் கயிறும் சேர்ந்து செய்வதை இங்கே மனிதர்கள் பொம்மையோடு ஒட்டி நின்று செய்கிறார்கள்.

பெண் பொம்மைக்குக் கால் கிடையாது. கால்காரர் உடையின் ஓரத்தைக் கை முஷ்டியால் தள்ளித் தள்ளியே நடக்க வைப்பார். ஆனால் நாங்கள் பார்த்தது 1703-இல் இதே ஊரில் நடந்த காதலர் சாவை வைத்து எழுதிய நாடகம். அதில் ஒரு காட்சிக்கு மட்டும் நாயகிக்குக் கால் உண்டு. காதலனைத் திண்ணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். மேலே வில்லன் உட்கார்ந்து அவனைப் பழித்துக்கொண்டிருக்கிறான். அவள் வில்லனுக்குப் பதில் சொல்வதுபோலப் பேசிக்கொண்டே, சாகத் தயாரா என்று காலால் கேட்கிறாள். கீழே இருப்பவன் அந்த வெள்ளைப் பாதத்தைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து இழுத்துக் காட்டுகிறான். மரக்கால், மரக்கழுத்து. பக்கத்தில் இருந்த என் நண்பன், கேமராக் கடைக்கு நேரமாகிறது என்று அதுவரை கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவன், என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்தான். அவன் அழுது நான் பார்த்தது அங்கேதான். வெளியே வந்தும் எங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அவனிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், வாய் வரவில்லை.

மலைக்கோட்டை

ஐயோ, இது தெரியாமல் அந்த அரங்க வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம். அந்த நாயகி பெயரில் ஒரு கோயில் இருக்கிறதாமே?

நம்பாவாசி

ஆமாம், ஒஹாட்சு தென்ஜின். உமேதா பக்கம், சொனேசாகியில் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. காதலர் இருவருக்கும் அங்கே சிலை உண்டு.

கடலோரக் கணக்கன்

உமேதா என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் கும்பல் ஏழு பேர், சாயங்கால நெரிசல். அங்கே மிதோசுஜி தட மெட்ரோ ரயிலில் ஆறு பேர் ஏறினோம், கதவு மூடிவிட்டது. நடைமேடையில் எங்கள் நண்பனின் அப்பா. மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான் என்று பார்க்க வந்தவர். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, கைபேசியில் இணையம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் பதறவே இல்லை, "நீங்க போங்க" என்று கையைக் காட்டினார். அந்தக் கை அசைவுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மகன் கதவில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினோம். அவர் நடைமேடையில் இல்லை. நிலைய ஊழியர் அறையில், கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் இருந்த பழைய குடும்பப் படத்தைக் காட்டி, மகன் முகத்தின்மேல் விரல் வைத்திருக்கிறார். ஊழியர் புரிந்துகொண்டு அவரை அறைக்குக் கூட்டிப்போய், எங்களைத் தேட ஓர் ஆளை நடைமேடைக்கு அனுப்பியிருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் மகன் பேசிய முதல் வார்த்தையே கோபம். அவர் சிரித்துக்கொண்டு, "இவரு நல்ல மனுஷன்டா, தேத்தண்ணி குடுத்தாரு" என்று ஊழியரை அறிமுகம் செய்துவைத்தார்.

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். "உமேதாவில் சந்திப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜேஆர் என்ற ஜப்பான் ரயில்வேக்கு அது ஒசாகா நிலையம். மெட்ரோவில் உமேதா, கிழக்குப் பக்கம் ஹிகாஷி உமேதா, மேற்கே நிஷி உமேதா என்று மூன்று. ஹான்க்யூ, ஹான்ஷின் இரண்டு கம்பெனிகளுக்கும் தனித்தனியாக ஒசாகா உமேதா என்ற பெயரில் நிலையம். எல்லாவற்றையும் இணைத்துக்கொண்டு தரைக்கடியில் கடைத்தெரு கிளைகிளையாகப் போகிறது, அங்கே ஜிபிஎஸ் தடுமாறும். ஹான்க்யூ நிலையத்தில் கினோகுனியா புத்தகக் கடை முன்னால் பிக் மேன் என்ற பெரிய திரை இருக்கிறது, ஊரே அங்கேதான் காத்திருக்கும். ஜேஆர் பக்கம் என்றால் தண்டவாளங்களுக்கு மேலே ஐந்தாம் தளத்தில் பொன் நிறக் கடிகாரம் உள்ள திறந்தவெளி. இரண்டில் ஒன்றை முன்பே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

யாராவது பின்தங்கினால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள்தான் திரும்ப வர வேண்டும். தங்கும் விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டையை ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். மெட்ரோவின் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதற்கு மேல் டாக்சிதான். ஓட்டுநரிடம் அந்த அட்டையைக் காட்டினால் போதும்.