பேசிப் பதிந்ததை ஏஐ-யிடம் கொடுத்துத் திருத்துவது: எதுவரை போகலாம்?

கரிசல்காடு:
ஊர்க் கண்மாய்கள் பற்றிப் பெரியவர்களிடம் எடுக்கும் வாய்மொழிப் பதிவுகளை எழுத்தாக்க ஒரு வழி சொல்கிறேன். பேச்சை எழுத்தாக மாற்றும் விஸ்பர் என்ற மென்பொருளில் ஒலிக்கோப்பைப் போடலாம். வந்ததை ஏஐ-யிடம் கொடுத்து, பிழை நீக்கி நல்ல உரைநடையாக மாற்று, ஆங்கிலத்திலும் தா என்று ஒரே கட்டளையில் கேட்டுவிடலாம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைச் சரிபார்ப்புக்குச் செலவிடுங்கள். 'இருந்துச்சு, வந்துச்சு' என்று பக்கம் பக்கமாக அச்சிட்டால் படிக்க ஆள் இருக்காது.

எழுத்தாணி:
ஒரே கட்டளையில் கேட்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒருவர் இப்படிப் பேசுகிறார் என்று வையுங்கள் (நீர்க்கட்டி என்பவர் மடையைத் திறந்து வயலுக்கு நீர் விடுபவர்): "எங்க தாத்தா காலத்துல இந்தக் கம்மாய்க்கு மூணு மடை இருந்துச்சாம். நீர்க்கட்டி ஐயா வந்து தொறந்து விடுவாங்க." உரைநடையாக்கு என்றால் ஏஐ தரக்கூடியது இதுதான்: "எங்கள் தாத்தா காலத்தில் இந்த ஏரிக்கு மூன்று மடைகள் இருந்தன. நீர்க்கட்டிகள் வந்து திறந்துவிடுவார்கள்."

படிக்க வழவழவென்று இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் சாட்சியம் புரண்டுவிட்டது. 'இருந்துச்சாம்' என்பதில் உள்ள 'ஆம்' போனதும் காதால் கேட்டது கண்ணால் கண்டதாகிவிட்டது. 'விடுவாங்க' என்று ஒருவரை மரியாதையாகச் சொன்னது பலராகிவிட்டது. கம்மாய் ஏரியாகிவிட்டது. நாளைக்கு நீர்ப்பங்கீட்டில் தகராறு வந்தால் மடை எத்தனை, திறக்கும் உரிமை யாருக்கு என்பதைத்தான் கேட்பார்கள். எழுத்துப்பிழை என்றால் படிப்பவர் கண்ணை உறுத்தும். இந்த மாற்றம் உறுத்தவே உறுத்தாது, வாக்கியம் இலக்கணமாக இருக்கிறதே!

நெய்தல்:
அதற்கு முந்தைய படியிலேயே சிக்கல் தொடங்குகிறது. விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாகக் கேட்கிறது. மொழி எது என்று நாம் சொல்லாவிட்டால் முதல் 30 நொடியை வைத்து அதுவே முடிவு செய்துகொள்ளும். தொடக்கத்தில் "ஓகே, ரெக்கார்டிங் ஸ்டார்ட் ஆயிருச்சு" என்று இருந்தால் மொத்தக் கோப்பையும் ஆங்கிலமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே மொழி தமிழ் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அடுத்தது மௌனம். வயதானவர்கள் யோசித்து யோசித்துப் பேசுவார்கள். அந்த இடைவெளியில் விஸ்பர் சொல்லாத வாக்கியத்தை இட்டு நிரப்பும், அல்லது முந்தைய வரியையே திரும்பத் திரும்ப அடிக்கும். ஆங்கிலப் பதிவுகளை வைத்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ நூற்றில் ஒரு துண்டில் யாரும் பேசாத சொற்கள் நுழைந்திருந்தன. பேச்சிழப்பு நோயால் நிறுத்தி நிறுத்திப் பேசுபவர்களின் பதிவுகளில் அது கூடுதலாக இருந்தது. பேச்சில்லாத பகுதியை முதலிலேயே வெட்டியெடுக்கும் விஏடி வடிகட்டியைப் போடுங்கள். முந்தைய துண்டின் எழுத்தைப் பார்த்து அடுத்ததை எழுதும் அமைப்பை அணைத்து வையுங்கள். திரும்பத் திரும்ப அடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஊர்ப்பெயர், ஆட்பெயர்களை முன்குறிப்பாகக் கொடுத்தால் 'ல, ள, ழ' குழப்பம் குறையும். ஆனால் அதில் கடைசி 224 டோக்கன்களை (சொல்லை உடைத்த சிறு துண்டுகளை) மட்டுமே விஸ்பர் பார்க்கும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் டோக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடும். முக்கியமான பெயர்களைப் பட்டியலின் முடிவில் வையுங்கள்.

கரிசல்காடு சொல்லும் முறையில் இன்னொன்றும் நடக்கும். விஸ்பர் ஒரே வரியை ஏழெட்டு முறை அடித்திருந்தால் அங்கே ஏதோ தவறு என்று நமக்குத் தெரியும். ஏஐ அதை ஒற்றை வரியாகச் சுருக்கி அழகுபடுத்திக் கொடுத்துவிட்டால் தடயமே இருக்காது.

கரிசல்காடு:
இவை கட்டளையைச் சரியாக எழுதாததன் விளைவுகள். 'ஆம்' விகுதியை விடாதே, வட்டாரச் சொல்லை மாற்றாதே என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள். தங்கள் பேச்சு கொச்சையாக அச்சேறுவதைப் பேசியவர்களே பலர் விரும்புவதில்லை. படித்தவர் பேசியதை நல்ல தமிழில் போட்டுவிட்டு, விவசாயி பேசியதை மட்டும் 'வந்துச்சு, போச்சு' என்று போடுவது மரியாதைக் குறைவு.

துபாஷி:
மரியாதை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் மொழிபெயர்ப்பைச் செம்மை செய்த பிரதியிலிருந்து எடுக்கவே கூடாது. முதல் பிரதியில் 'நம்ம கம்மாய்' என்று இருக்கிறதா, 'எங்க கம்மாய்' என்று இருக்கிறதா? கேட்பவரையும் சேர்த்துச் சொன்னாரா, தன் ஊராரை மட்டும் சொன்னாரா என்பது அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும், குறிப்புப் போட்டுத்தான் காப்பாற்ற முடியும். 'நீர்க்கட்டி' என்ற சொல்லை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பில் வரும் கட்டியாக மொழிபெயர்ந்துவிடலாம். கலைச்சொல் பட்டியல் ஒன்று, தமிழும் ஆங்கிலமும் எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் உடன் போக வேண்டும்.

அளவுகளை மாற்றவே விடாதீர்கள். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். வேறு பகுதிகளில் குழியின் அளவே வேறு. எந்த ஊர்க் குழி என்று தெரியாமல் ஏக்கராக்கினால் நிலத்தின் பரப்பே மாறிப்போகும். விஸ்பரின் மொழிபெயர்ப்பு வசதியை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். விஸ்பரில் பல அளவு மாதிரிகள் உண்டு; அவற்றில் வேகமான 'டர்போ' மொழிபெயர்ப்புக்குப் பயிற்றப்படவில்லை. அதற்கு 'மீடியம்' அல்லது 'லார்ஜ்' வேண்டும்.

எழுத்தாணி:
கட்டளை எழுதினால் போதும் என்பதை ஏற்க முடியாது. இரண்டு பக்கத்துக்குக் கட்டளை நிற்கும். இருபது பக்கத்தை ஒன்றாகக் கொடுத்தால் ஏஐ சுருக்கத் தொடங்கிவிடும், விகுதியும் நழுவும். ஐந்நூறு சொல்லுக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இந்தக் கட்டளையை முழுதாகக் கொடுங்கள்:

"நிறுத்தக்குறி, எழுத்துப்பிழை மட்டும் திருத்து. வாக்கியங்களைச் சேர்க்காதே, பிரிக்காதே, வரிசை மாற்றாதே. பெயர், எண், அளவு, வட்டாரச் சொல், 'ஆம்', 'ங்க' விகுதிகள் அப்படியே இருக்கட்டும். புரியாத இடத்தில் [?] போடு, ஊகிக்காதே."

வந்ததன் சொல் எண்ணிக்கையை முந்தையதோடு ஒப்பிடுங்கள். 'வந்து', 'அதாவது' போன்ற இழுவைச் சொற்களைக்கூட இந்தக் கட்டத்தில் நீக்கச் சொல்லாததால் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஏதோ விழுங்கப்பட்டிருக்கிறது. அதன்பின் இரண்டு பிரதியையும் ஒப்பீட்டு மென்பொருளில் போட்டு, மாறிய இடங்களை மட்டும் ஒலியோடு வைத்துக் கேளுங்கள்.

நெய்தல்:
ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 'கொ' என்பதை 'க'வுடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் மென்பொருள் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிவிடும்.

கரிசல்காடு:
ஆவணத்துக்கு இந்தக் கண்டிப்பு சரி. புத்தகமாக வருவதற்கு உரைநடை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. திருத்தம் முடிந்த பிரதியிலிருந்து தனியாக ஒரு வாசிப்புப் பிரதி எடுக்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் ஒலிக்கோப்பின் நிமிடம், நொடி இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் பேசியவரிடமே வாசித்துக் காட்டினால் மாறியதை அவரே சொல்லிவிடுவார்.

துபாஷி:
தமிழுக்கு அது சரி. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலப் பிரதியை எப்படிச் சரிபார்ப்பார்? ஏஐ-யைக் கொண்டே திரும்பத் தமிழாக்கி வாசித்தாலும் நம்ப முடியாது. ஆங்கிலத்தில் விட்டுப்போன மரியாதையை அது தானாகவே சேர்த்து எழுதிவிடும், விட்டுப்போனதே தெரியாது. இருமொழியும் தெரிந்த ஒருவர் முதல் பிரதியையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் நாலு கேள்வி கேட்க வேண்டும்: செய்தது யார், ஒருவரா பலரா, பார்த்ததா கேள்விப்பட்டதா, எண்ணும் அளவும் அதேதானா. நாலில் ஒன்றுக்கு விடை மாறினாலும் அந்த வாக்கியத்தைக் கையால் எழுதுங்கள்.