விவசாயப் போட்டிகளால் பிள்ளைக்குத் தொழில் பழகுமா?

வட்டைக்காற்று (மட்டக்களப்பு):
பாடசாலை விவசாயப் போட்டி என்றால் நம்மட பக்கம் இரண்டுதான் ஞாபகம் வரும்: வினாடி வினா, பாடசாலைத் தோட்டம். தோட்டம் என்பது நடுவர் வரும் கிழமையில் பாத்தி ஓரத்துக்குக் கல் பதித்துச் சுண்ணாம்பு பூசுவது. இரண்டிலும் முதலிடம் வந்த பிள்ளையின் முதுகில் 16 லீற்றர் தெளிகருவியை ஏற்றிவிட்டு, "உன்ட நடைக்கு ஏக்கருக்கு எத்தனை டாங்கி போகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1928இல் கன்சாஸ் சிற்றியில் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாய மாணவர் அமைப்பு இதை வேறு மாதிரிச் செய்கிறது. கால்நடைத் தெரிவுப் போட்டியில் நான்கு மாடுகளை நிறுத்துவார்கள். பிள்ளை அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு நடுவர் முன் நின்று, ஏன் அந்த வரிசை என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். வரிசைக்கு 50 புள்ளி, காரணத்துக்குத் தனியாக 50. மாட்டுக்குப் பதிலாக நான்கு விதைநெல் மாதிரியை வைத்தால் இங்கேயும் நடத்தலாம். என்ன தடை?

பன்றிநெல் (அக்கரைப்பற்று):
தடை என்ன, பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த நாள் கணக்கியல் ரியூசனுக்குப் போகும். அதுதான்.

சம்மாந்துறை நாற்று:
தம்பி வட்டைக்காற்று, யோசனையில் பிழை இல்லை. ஆனால் போட்டி என்று வந்தாலே பாடசாலை மூன்று பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து மாலை வகுப்பு வைக்கும், மிச்சம் 35 பேர் கதிரை தூக்குவார்கள். தொழில் பழக வேண்டியது அந்த 35 பேரும்தான். செய்முறையை வகுப்புக்குள் கட்டாயமாக்குங்கள். தொழிலாக எடுக்க விரும்புகிறவருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் 4ஆம் மட்டம் இருக்கிறது, பாலமுனையில் விவசாயப் பாடசாலை இருக்கிறது. கோப்பை எதற்கு?

தெளிகருவிக் கதையிலும் ஒரு ஓட்டை. பாடசாலை மைதானத்தில் அளந்தால் வரும் கணக்கு வயலில் பொய். சேற்றில் கால் புதையும்போது நடை தளரும், அதே பரப்புக்குக் கூடுதல் மருந்து இறங்கும்.

வட்டைக்காற்று:
காக்கா, அதனால்தான் அளவிடுவதைப் போட்டியாக வைக்கச் சொல்கிறேன். வயலுக்குள்ளேயே, வெறும் தண்ணீரில். பிள்ளைகள் கையில் மருந்துப் போத்தலே வரக் கூடாது.

10 மீற்றருக்கு 10 மீற்றர் கயிறு கட்டுங்கள். அப்படி 40 துண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். டாங்கியை ஒரு குறி வரை நிரப்பி, துண்டு முழுக்கத் தெளித்து, வெளியே வந்து அளவுச் சாடியால் மறுபடி அதே குறிக்கு நிரப்பினால், ஊற்றிய தண்ணீர்தான் தெளித்த அளவு. 2.4 லீற்றர் என்று வைப்போம். ஏக்கருக்கு 96 லீற்றர், அதாவது 6 டாங்கி. லேபிளில் ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் என்று இருந்தால் டாங்கிக்கு 67 போட வேண்டும். பக்கத்து வயல்காரர் 8 டாங்கி அடிக்கிறார் என்று இவரும் டாங்கிக்கு 50 ஊற்றினால், 6 டாங்கியில் வயல் முடிந்துவிடும், இறங்கியது 300 மட்டும். கால்வாசி மருந்து போத்தலிலேயே. களை சாகவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

நடுவர் பார்க்க வேண்டியவை: குறி வைக்கும்போது டாங்கி மட்டமான தரையில் நின்றதா, கயிற்றுக்குள் கால் வைக்கும் முன் பம்ப் அடித்து அமுக்கம் ஏற்றினாரா, நொசிலை முழங்கால் உயரத்திலேயே வைத்திருந்தாரா அல்லது வாளி கழுவுகிற மாதிரி வீசினாரா, களைநாசினிக்கு விசிறி வடிவ நொசிலைத் தெரிந்தாரா, கூம்பு வடிவத்தையா. 40 நிமிட வேலை. வினாடி வினாவில் இதில் ஒன்றாவது வருமா?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி):
சேர்மாரே, படிப்பிக்கிற பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. எப்போது நடத்துவது? பெரும்போகம் ஒக்டோபரில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது. நெல் வயலில் இருக்கும் காலத்தில் பெரும்பகுதி மூன்றாம் தவணையும் மழையும் வெள்ளமும். சிறுபோகம் என்றால் நவகிரி, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் கிடைக்கும் வட்டைகளில் (வயல்வெளிகளில்) மட்டும். கல்லடி முதல் கல்லாறு வரை பாடசாலை வளவு வெறும் மணல், வயலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை, வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகளோடு வயல் வேலையில் போட்டிக்கு விட்டால் முடிவு முதலிலேயே தெரியும்.

வட்டைக்காற்று:
நியாயம்தான். அதனால்தான் விதைநெல் மாதிரி. அதற்கு மேசை போதும், மழையிலும் நடத்தலாம்.

நான்கு பையில் ஒவ்வொரு கிலோ. ஒன்று சுத்தமானது. ஒன்றில் பதர் கூட. ஒன்று ஈரம். ஒன்றில் மட்டும் நாலைந்து பன்றிநெல் மணி, அதாவது நெல் மாதிரியே இருக்கும் களையின் மணி (மேலே உள்ளவர் மன்னிக்கவும்). பன்றிநெல்லைக் கண்டுபிடிக்க மணி நுனியில் நீளும் கூர்முள்ளை மட்டும் நம்பக் கூடாது, கூரில்லாததும் உண்டு. சந்தேகமானதை உரித்துப் பார்க்க வேண்டும், வெள்ளை இனத்துக்குள் சிவப்புத் தோல் வந்தால் பிடிபட்டது. 1990களில் இந்தக் களை இலங்கையில் முதலில் பதிவான இடங்களில் அம்பாறையும் ஒன்று என்பதால், நம்மட பிள்ளைக்கு இது தெரியாமல் இருப்பது வெட்கம். பதரைத் தூற்றலாம், ஈரத்தைக் காயவைக்கலாம். பன்றிநெல்லை அடுத்த போகத்திலும் வயலிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே அந்தப் பை கடைசி. இதைக் காரணமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த இரண்டாவது 50.

பன்றிநெல்:
மன்னித்தேன். ஆனால் புள்ளி எப்படி? நாலு பையை வரிசைப்படுத்த 24 விதம் இருக்கு. ஒரு இடம் மாறினாலும் முழுப் பிழையா?

வட்டைக்காற்று:
இல்லை. நடுவர் சரியான வரிசையோடு, அடுத்தடுத்த பைகளுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்றும் முதலிலேயே எழுதி வைப்பார். உதாரணமாக இடைவெளி 2, 3, 6 என்றால், ஒன்றுக்கொன்று கிட்டத்தில் நிற்கும் முதல் இரண்டைப் பிள்ளை மாற்றிப் போட்டால் 50இல் 2தான் குறையும். கடைசி இரண்டை மாற்றி, பன்றிநெல் பையை மூன்றாவதாகத் தூக்கினால் 6 போய்விடும். சின்னப் பிழைக்குச் சின்ன வெட்டு, பெரிய பிழைக்குப் பெரிய வெட்டு. நெல் வாங்குகிறவரின் புத்தியும் இதேதான்.

சம்மாந்துறை நாற்று:
கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விதைநெல்லில் முதல் கேள்வி முளைதிறன். அதைக் கண்ணால் வரிசைப்படுத்த முடியாது. 100 விதையாக நான்கு தொகுதி எண்ணி, ஈரத் தாளில் சுற்றி வைத்தால், ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினான்காம் நாள் கடைசி. ஒரு நாள் போட்டியில் அது எங்கே நிற்கும்? தொழிலுக்கு வேண்டியது பொறுமை, உங்கள் மேசை பழக்குவது சுறுசுறுப்பு.

எண்ணுவதிலும் பிழை நிறைய. முளை மட்டும் வந்து வேர் வராததையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். புதிதாக வெட்டிய நெல்லில் உறங்குநிலை இருக்கும், 60 வீதம்தான் முளைத்தது என்று பார்த்து "செத்த விதை" என்று எழுதிவிடுவார்கள். அதே நெல் சில கிழமை கழித்து 85ஐத் தாண்டலாம். உண்மையிலேயே 70 வீதம்தான் என்றால் விதை அளவு கூட வேண்டும். ஏக்கருக்கு 2 புசல், அதாவது 41 கிலோவுக்கு மேல், 85 வீதக் கணக்கில் போடுகிறவர் இதை 50 கிலோ போட வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யப் பிள்ளைக்கு இரண்டு கிழமையும் ஒரு கொப்பியும் போதும். மேடை தேவையில்லை.

வட்டைக்காற்று:
கொப்பி வேலையை ஒருவரும் எதிர்க்கவில்லை காக்கா. கொப்பியை யார் பார்ப்பது? பரீட்சையில் புள்ளி இல்லாத செய்முறையை மூன்றாம் தவணையில் எத்தனை வகுப்பு தொடும் என்று வாவிக்கரை சேர் சொல்லட்டும்.

வாவிக்கரை:
அந்தக் கேள்விக்கு நான் பொதுவெளியில் பதில் சொல்ல மாட்டேன். 😐

ஆப்பொட்டு (நாற்றுமேடைக்காரர், ஏறாவூர்):
இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் முட்டுகிறீர்கள்: புள்ளியை அன்றைக்கே போட வேண்டும் என்று யார் சொன்னது?

மாங்கன்று ஒட்டுதலை எடுங்கள். ஆளுக்கு 10 கட்டை, அதாவது கொட்டையிலிருந்து வளர்த்த அடிக்கன்று. பென்சில் பருமன், தரையிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றரில் வெட்டி, நடுவே 3, 4 சென்ரிமீற்றர் பிளக்க வேண்டும். ஒட்டுக்கிளையின் அடியை இரு பக்கமும் ஆப்பாகச் சீவிச் செருகுவது. கிளையின் இலைகளை ஒரு கிழமைக்கு முன்பே மரத்தில் வைத்துக் கிள்ளியிருந்தால் மொட்டு தயாராக இருக்கும். சீவும்போது ஒரே இழுவை. மூன்று நாலு தரம் சுரண்டினால் மேடுபள்ளமாகி உள்ளே காற்று நிற்கும். கட்டையும் கிளையும் ஒரே பருமன் இல்லையென்றால் நடுவில் வைக்கக் கூடாது, ஒரு பக்கமாவது மாறிழையம் (பட்டைக்கு உள்ளே இருக்கும் வளரும் படை) மாறிழையத்தைத் தொட வேண்டும். நாடாவைக் கீழிருந்து மேலே சுற்று, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற, தண்ணீர் வழிந்துவிடும். மேலே பொலித்தீன் உறை, பிறகு நிழல்.

போட்டியன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வெட்டின முகத்தை விரலால் தொட்டவனும் தொடாதவனும் நான்கு கிழமை கழித்துத்தான் பிரிவார்கள். அன்று 40 புள்ளி, துளிர்த்த கன்றுகளுக்கு 60. நாற்றுமேடையில் கூலியும் அப்படித்தான், கட்டினதுக்கு இல்லை, பிடிச்சதுக்கு.

சம்மாந்துறை நாற்று:
இது வேறு பேச்சு. ஆனால் அந்த நாலு கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது? பாடசாலைக்குக் கொண்டுபோனால் சேர் ஊற்றுவார், இரண்டு செத்தால் புதுசாகக் கட்டியும் வைப்பார்.

ஆப்பொட்டு:
கொண்டுபோக விடக் கூடாது. எல்லாக் கன்றும் ஒரே நிழல்வலைக்குக் கீழே, ஒரே ஆள் ஊற்ற வேண்டும். கன்றில் பெயரும் இல்லை, பாடசாலையும் இல்லை, இலக்கம் மட்டும். வரிசையாக வைக்காமல் கலந்து வையுங்கள், ஓரத்தில் நிற்கிறதுக்கு வெயில் கூட. இலக்கத்தைப் பேனையால் எழுதினால் ஒரு கிழமையில் அழிந்துவிடும், தகரத் துண்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள்.

பன்றிநெல்:
நானும் ஒரு கேள்வி போடட்டா, மேசைக்கே ஏற்றது. 18 வீத ஈரத்தில் 1000 கிலோ நெல். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீதத்துக்குக் காய்ந்தால் எத்தனை கிலோ? 4 வீதம்தானே என்று 960 எழுதுகிறவர் தோல்வி. உலர்பொருள் 820 கிலோ, அது 86 வீதமாக வர வேண்டும், 953 சொச்சம். வியாபாரி 1000க்கு 80 கிலோ கழித்தால், அதில் 46தான் தண்ணீர் என்று வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நான் கோப்பை கொடுப்பேன்.

சம்மாந்துறை நாற்று:
அதை 38 பிள்ளைக்கும் கொடுங்கள். என் நிபந்தனை அதுதான்: ஒரு பாடசாலையிலிருந்து மூன்று பேர் என்றால் நான் எதிர்ப்பு. வகுப்பு முழுக்கச் செய்து, வகுப்பின் சராசரியை அனுப்புவதென்றால் யோசிக்கலாம்.

வட்டைக்காற்று:
சராசரி என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஏன் மினக்கெட வேண்டும்? சீட்டுக் குலுக்கி ஆறு பேரை எடுப்போம். யார் வருவார் என்று போட்டியன்று காலைதான் தெரியும். அப்போது 38 பேருக்கும் பழக்காமல் விட முடியாது.

சம்மாந்துறை நாற்று:
குலுக்கல்... பரவாயில்லை. வெளியாள் குலுக்க வேண்டும், அதிபர் கையில் பெட்டி வேண்டாம்.

வாவிக்கரை:
ஒட்டுதல் என்றால் மணல் வளவுப் பாடசாலைக்கும் வழி இருக்கு, பையில்தானே. கட்டை எங்கே எடுப்பது?

ஆப்பொட்டு:
வாங்க வேண்டாம், பிள்ளைகளே போடட்டும். மாம்பழம் சாப்பிட்ட கொட்டை ரெண்டு கிழமையைத் தாண்டினால் முளைப்பு விழும், கொட்டையின் மேலோட்டை உடைத்து நீக்கி உள்ளே இருக்கும் பருப்பை உடனே பையில் வைக்க வேண்டும், வளைந்த முதுகு மேலே பார்க்க. பென்சில் பருமனுக்கு வர எட்டு மாதமாவது ஆகும். வரும் வருசம் போட்டி என்றால் இந்த மாம்பழக் காலத்துக் கொட்டையை விட்டுவிடாதீர்கள்.