என் எலும்புப் படைக்கு அடித்தட்டு மாற்ற வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே, பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் வார்ஹாமர் ஃபேண்டஸி என்ற போர் விளையாட்டை நான் விட்டது 2015-இல். அதன் கதை நடக்கும் பழைய உலகத்தையே அழித்துவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற வேறு விளையாட்டைக் கொண்டுவந்தார்களே, அந்தக் கோபத்தில் டூம் கிங்ஸ் என்ற என் எலும்புக்கூட்டுப் படையைக் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். 2024-இல் அந்தப் பழைய உலகத்தை மீட்டு தி ஓல்ட் வேர்ல்ட் என்ற விளையாட்டு வந்ததும், அதில் முதலில் இறங்கிய படைகளில் டூம் கிங்ஸும் ஒன்று என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். அவ்வளவு ரோஷம்!

போன வாரம் பெட்டியை இறக்கினேன். பசை விட்டுப்போய், ஈட்டி பிடித்த கைகள் மட்டும் தனியாக மைலோ டின்னின் அடியில் கிடக்கின்றன. தேர்க் குதிரை ஒன்றின் விலா எலும்புக்குள் பல்லி முட்டை வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் எலும்புக்கூடு வீரர்கள் எல்லாம் காலடியில் ஒட்டிய 20 மில்லிமீட்டர் சதுர அடித்தட்டில் நிற்கிறார்கள். புது விதியில் 25. மொத்தம் எண்பது பேர். பெயர்த்தால் பாதிப் பேருக்குக் கணுக்கால் முறிந்துவிடும். அடித்தட்டை அப்படியே விட்டு, 25 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் குழி வெட்டிய, அணியை மொத்தமாக நகர்த்தும் தட்டில் நிறுத்தினால் எதிராளிகள் ஒத்துக்கொள்வார்களா? யாராவது த்ரீடி பிரிண்டரில் அடித்துத் தருவீர்களா? காசு கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம், பினாங்கில் வார இறுதியில் யார் விளையாடுகிறீர்கள்? தீவுப் பக்கம் என்றாலும் பரவாயில்லை, பெட்டியோடு ஃபெரி ஏறிவிடுவேன். விதிகள் பாதி மறந்துவிட்டன, கொஞ்சம் பொறுமையான ஆளாக இருந்தால் நல்லது.