புதுப்பிப்பு: தாத்தாவின் சுத்தியல் எது என்று தெரிந்துவிட்டது

தாத்தாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்த சுத்தியலின் படம் போட்டு, செருப்புத் தைப்பவருடையதா, தட்டாருடையதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. பட்டறைக்காரர்கள் பால் பீன் என்பார்கள். தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியின் தலையை அடித்துப் பரப்பத்தான் அந்த உருண்டை.

ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்து, பித்தளை பிரஷால் தேய்த்தேன். துரு போனதும் பக்கவாட்டில் காக்கைக்கால் போல மேல்நோக்கிய அம்புக்குறி, அதன் கீழ் ஆங்கில ‘ஐ’, பக்கத்தில் 1943! அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. ‘ஐ’ சேர்ந்தால் இந்திய அரசுடையது. போர்க்காலச் சரக்கு. சண்டை முடிந்தபின் ஏலத்தில் தாத்தா வாங்கியதாக அத்தை சொல்கிறார்.

கிரைண்டரில் பளபளப்பாக்கச் சொன்னவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம், முத்திரையே போய்விடும்.

அப்புறம், காம்பு உளுத்திருந்தது. கருவேலங்கட்டையில் புதிதாகச் செதுக்கி ஆப்பு அடித்தாயிற்று. பழைய காம்பை எறியவில்லை. தாத்தாவின் கைபட்டு வழவழப்பான இடம் அதில்தான் இருக்கிறது.